ஒரு தடவைதான் கேட்பார்கள்

யொரிஸ் இரண்டாவது தடவை கேட்கவே இல்லை.

முதல் தடவை கேட்டு ஒன்பது நாளாகிவிட்டது. இடையில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தும் போனது. அன்று காலையில் அவர் தர்மிகாவின் மேசையைக் கடந்து போனார், "குட் மோர்னிங்" என்றார், மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். அவள் அன்று முழுவதும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்ததில் முதுகு வலித்ததுதான் மிச்சம்.

ஹொலண்ட் என்கிற நெதர்லாந்தில் வென்லோ என்ற ஊரைச் சுற்றியுள்ள கண்ணாடிக் கூடங்களில் விளையும் தக்காளியையும் குடைமிளகாயையும் லண்டனுக்குக் கொண்டுவருகிற கொம்பனி அது. எந்த லொறி எத்தனை மணிக்குப் புறப்பட்டு எந்தக் கப்பலைப் பிடிக்க வேண்டும் என்று அட்டவணை போடுவது தர்மிகாவின் வேலை. ஐந்து வருடமாக அதைச் செய்கிறாள். வென்லோவில் இருக்கும் தலைமை அலுவலகத்தில் அட்டவணைக்காரர்களுக்கெல்லாம் தலைவராக ஒருவர் வேண்டும் என்ற பேச்சு எழுந்த நாளிலிருந்தே அந்த வேலையில் அவளுக்கு ஒரு கண். அதற்காகத்தான் ஜனவரியிலிருந்து வியாழன்தோறும் டச்சு மொழி மாலை வகுப்புக்குப் போகிறாள். அதற்காகத்தான் மத்தியானச் சாப்பாட்டைக்கூட மாற்றிவிட்டாள்: இரண்டு துண்டு பாண், நடுவே ஒரு துண்டு சீஸ். அங்கே அலுவலகங்களில் அதுதான் சாப்பாடு என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அம்மா அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "உது ஆஸ்பத்திரியில ஒப்பரேசனுக்கு முதல் நாள் குடுக்கிற சாப்பாடெல்லோ" என்றாள்.

இவ்வளவு ஆயத்தமும் செய்தவளிடம்தான் யொரிஸ் கேட்டார். செவ்வாய்தோறும் வென்லோவிலிருந்து லண்டன் அலுவலகத்துக்கு வந்து போகிற முகாமையாளர் அவர். கதவைக்கூடச் சாத்தாமல், காலநிலையைப் பற்றி விசாரிக்கிற குரலில் ஆங்கிலத்தில் கேட்டார்.

"வென்லோவில் அந்தத் தலைமை வேலை இருக்கிறதே, உங்களுக்கு வேண்டுமா?"

தர்மிகாவின் நெஞ்சுக்குள் ஏதோ எழும்பி நின்று ஓம் என்றது. வாயோ வேறு சொன்னது.

"நானா? எனக்கு அந்தளவு அனுபவம் இல்லை. பக்கத்து மேசை கிறேயம் என்னைவிடப் பொருத்தமாக இருப்பார்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். இனி அவர், இல்லையில்லை, நீங்கள்தான் பொருத்தம் என்பார். அவள் இன்னொரு தடவை தயங்குவாள். மூன்றாவது தடவை, நீங்கள் இவ்வளவு சொல்வதால் என்று தலையை ஆட்டுவாள். நல்ல இடத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் ஒன்றை வாங்கிக்கொள்ளும் முறை அது.

"சரி. நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி" என்றார் யொரிஸ். டயறியில் ஏதோ குறித்துக்கொண்டார். எழும்பிப் போனார்.

அன்று அவள் கவலைப்படவில்லை. கோலியர்ஸ் வுட் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாள். அம்மா சிவனேஸ்வரி பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றின் சமையலறையில் வேலை செய்பவள். உருளைக்கிழங்கு உரித்த கையை மகளின் கன்னத்தில் வைத்தாள்.

"நீ என்ன சொன்னனீ?"

"கிறேயம் இருக்கிறார் எண்டு சொன்னனான்."

"நல்ல பிள்ளை. கேட்ட உடன ஓம் எண்டு பாய்ஞ்சா, இவள் காத்துக்கொண்டிருந்தவள் எண்டு நினைப்பினம். திரும்பக் கேப்பினம், பார்."

மறுநாளே சிவனேஸ்வரி ரூட்டிங் கடைத்தெருவில் இரண்டு கம்பளிப் போர்வை வாங்கினாள். வாங்கிய கடையில், மகள் ஹொலண்டுக்குப் பெரிய வேலையில் போகிறாள் என்றும் சொல்லிவிட்டாள். அந்தக் கடையில் சொன்னால் நோர்பரித் தமிழர்கள் வரைக்கும் போய்ச் சேர இரண்டு நாள் போதும்.

ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. வென்லோவின் புதிய தலைமை அட்டவணையாளர் யார் என்பது அடுத்த புதன்கிழமை அறிவிக்கப்படும் என்று யொரிஸ் எல்லோருக்கும் எழுதியிருந்தார். தர்மிகா அதை ஐந்து தடவை வாசித்தாள். ஐந்து தடவையிலும் அதில் அவளுக்கென்று ஒரு கேள்வி இருக்கவில்லை.

அந்த யோசனையோடே மாலை வகுப்புக்குப் போனாள். வகுப்பு நடத்துகிறவள் துஷ்யா. தர்மிகாவைவிட ஐந்து வயது இளையவள். யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனுக்கு நெதர்லாந்தில் ப்ரேடா நகரில் பிறந்து, பதினாறு வயதில் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தவள். தமிழ் கதைத்தால் நல்லூரடியில் வளர்ந்தவள் போலிருக்கும். கதைக்கிற விஷயம்தான் அப்படியிருக்காது. முதல் நாளே, "அக்கா, உங்கட தலைமயிர் நல்ல வடிவு, சட்டை வடிவில்லை" என்றாள். சொன்ன கையோடு, அவளுடைய பிறந்த நாள் என்னவென்று கேட்டுத் தன் டயறியில் எழுதியும் கொண்டாள்.

ஏழரைக்கு இடைவேளை. துஷ்யா வழக்கம்போல் தேத்தண்ணி ஊற்றி பிஸ்கட் டின்னைத் திறந்து எல்லோரிடமும் நீட்டினாள். மற்ற ஏழு பேரும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். தர்மிகாவிடம் வந்தது.

"வேண்டாம்."

டின் மூடப்பட்டது. ஜனவரியிலிருந்து பதினொரு வியாழக்கிழமை இப்படித்தான் நடக்கிறது. இந்தப் பிள்ளைக்கு உபசரிக்கத் தெரியாது, பாவம், தாய் பழக்கவில்லை என்று தர்மிகா மனதுக்குள் மன்னித்துவிடுவாள். இன்றைக்கு மத்தியானத்துப் பாணும் சீஸும் எப்போதோ கரைந்து போயிருந்தன. வயிறு அறைக்கே கேட்கும்படி இரைந்தது.

துஷ்யா திரும்பிப் பார்த்தாள். "அக்கா, பசிக்குதோ?"

"இல்லையில்லை."

"வயிறு கத்துதே."

"...கொஞ்சம் பசிதான்."

"பின்னை ஏன் பிஸ்கட் வேண்டாம் எண்டனீங்கள்?"

"நீங்கள் திரும்பக் கேப்பீங்கள் எண்டு பாத்தனான்."

துஷ்யாவுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "வேண்டாம் எண்டு சொன்ன ஆளிட்டை நான் ஏன் திரும்பக் கேக்கவேணும்?"

"எங்கட வீடுகளில மூண்டு தரம் கேப்பினம். முதல் ரெண்டு தரமும் வேண்டாம் எண்டு சொல்லவேணும். மூண்டாம் தரம் எடுக்கலாம்."

"அப்ப முதல் ரெண்டு தரமும் பொய்யோ?"

"பொய்யில்லை. மரியாதை."

"ஹொலண்டில உதைச் செய்து போடாதேங்கோ அக்கா, பட்டினி கிடந்து செத்துப் போவீங்கள். அங்க ஒரு தரம்தான் கேப்பினம். வேண்டாம் எண்டா, சரி, இவவுக்கு வேண்டாம் எண்டு நம்பிப் போடுவினம். திரும்பத் திரும்பக் கேட்டாத்தான் மரியாதையில்லை. உங்கட சொல்லை நம்பேல்லை எண்டாகுமெல்லோ."

தர்மிகா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள். யொரிஸ் டயறியில் குறித்துக்கொண்டது என்னவென்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. அவர் இரண்டாவது தடவை கேட்கப் போவதில்லை. அவரைப் பொறுத்தவரை அந்தக் கதை முடிந்து ஒன்பது நாளாகிறது. தர்மிகாவுக்கு வேண்டாம். அவளே சொன்னாள். நேர்மையான பிள்ளை.

துஷ்யாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். துஷ்யா கேட்டுவிட்டு, "பிழை விட்டுட்டீங்கள்" என்றாள். ஆறுதலாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. "இப்ப போய், எனக்கு வேணும் எண்டு சொல்லுங்கோ."

"வெக்கமாயிருக்கு. ஒரு தரம் வேண்டாம் எண்டிட்டு, பிறகு போய்க் கேக்கிறதெண்டா?"

"அப்ப கிறேயம் போகட்டும்" என்றாள் துஷ்யா. பிறகு டயறியைப் புரட்டினாள். "ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் பிறந்தநாள். நோர்பரிக்கு வாங்கோ. மூண்டு மணியிலயிருந்து நாலரை வரைக்கும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. எங்கட வீடு முழு ஹொலண்ட்தான், பழகிப் பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை சிவனேஸ்வரி காலை ஐந்து மணிக்கே எழும்பி நாற்பது மட்டன் ரோல்ஸ் செய்தாள். பிறந்தநாள் வீட்டுக்குக் கைவீசிக்கொண்டு போவதா? மூன்றுக்கு வரச் சொன்னால் நாலுக்குப் போனால் போதும் என்றும் சொன்னாள். தர்மிகா அதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது நோர்பரியில் மணியை அழுத்தினார்கள்.

வரவேற்பறையில் கதிரைகள் ஒரு பெரிய வட்டமாகப் போடப்பட்டிருந்தன. வட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் ப்ரேடாப் பக்கமிருந்து லண்டனுக்கு வந்துவிட்ட சொந்தக்காரர்கள். துஷ்யாவின் தகப்பன் பாலேந்திராவுக்குத் தரைக்கு மாபிள் பதிக்கிற வேலை. இருபத்துநாலு வருடம் ப்ரேடாவில் அதைத்தான் செய்தார், இப்போது இங்கே செய்கிறார்.

"அக்கா, எல்லாருக்கும் கை குடுத்து வாழ்த்துச் சொல்லவேணும்" என்று துஷ்யா காதோடு சொன்னாள்.

"பிறந்தநாள் தகப்பனுக்குத்தானே?"

"தகப்பனுக்குப் பிறந்தநாள் எண்டா மகளுக்கும் வாழ்த்து, மனுசிக்கும் வாழ்த்து, மச்சானுக்கும் வாழ்த்து. வட்டத்தைச் சுத்தி வாங்கோ."

தாயும் மகளும் வட்டத்தைச் சுற்றி வந்தார்கள். சிவனேஸ்வரி ஆறாவது ஆளுக்குக் கை கொடுக்கும்போது, "இதென்ன, செத்த வீட்டில துக்கம் விசாரிக்கிறமாதிரி" என்று மகளின் காதில் முணுமுணுத்தாள். மகளுக்கு அடக்க முடியாத சிரிப்பு. ஏழாவது ஆளுக்கு வாழ்த்துச் சொல்லாமல் சிரித்துக்கொண்டே கையைக் குலுக்கினாள்.

பாலேந்திரா ரோல்ஸ் சட்டியைத் திறந்து பார்த்தார். "அக்கா, உதேன் உவ்வளவு கொண்டந்தனீங்கள்? நாங்கள் ஆறு மணிக்குத்தான் சாப்பிடுறது. அதுவும் வீட்டு ஆக்கள் மட்டும்."

சிவனேஸ்வரியின் முகம் வாடியது.

"ஆனா நல்ல மணமாயிருக்கு. எனக்கு இப்ப ரெண்டு தாங்கோ" என்று அவரே எடுத்துக் கடித்தார். வட்டத்தில் இன்னும் மூன்று பேர், "எனக்கும் ஒண்டு" என்று கையை நீட்டினார்கள். ஒருவர், "எனக்கு ஆட்டிறைச்சி பிடிக்காது" என்றார். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

"அங்க இருக்கேக்க இவர் விடிஞ்சாப் பொழுதுபட்டா டச்சுக்காரரைத் திட்டுவார்" என்றாள் துஷ்யாவின் தாய் பெனிற்றா. "சொல்லாமக் கொள்ளாம ஒரு வீட்டுக்குப் போகேலாது, என்ன நாடு எண்டு. இங்க வந்தாப் பிறகு, சொல்லாம வந்த என்ர சொந்தத் தம்பியை வாசலில வைச்சு, அப்பொயின்ற்மென்ற் இருக்கோ எண்டு கேட்டவர்."

"உன்ர தம்பி வந்தது உதைபந்தாட்டம் நடக்கிற நேரம்" என்றார் பாலேந்திரா.

சிவனேஸ்வரி கழிவறைக்குப் போய் வந்தாள். வந்தவள் மகளை ஒரு பக்கமாக இழுத்தாள். "பிள்ளை, இவையின்ர கக்கூசுக்குள்ள ஒரு கலண்டர் தொங்குது. அதில உன்ர பேர் எழுதிக் கிடக்கு. உன்னை ஏனடி கக்கூசில எழுதி வைச்சிருக்கினம்?"

"அங்க பிறந்தநாள் கலண்டரைக் கக்கூசிலதான் மாட்டுவினமாம். ஒவ்வொரு நாளும் எல்லாற்ற கண்ணிலயும் படுமெண்டு. அதில பேர் ஏறினா சினேகிதம் எண்டு அர்த்தம்."

"அப்ப சந்தோசப்படுறதோ?"

"சந்தோசப்படுங்கோ."

பிறகு கேக் வந்தது. சின்னச் சின்னத் துண்டுகள், மேலே ஸ்ரோபெரி, நல்ல தடிப்பாக கிறீம். பெனிற்றா தட்டை சிவனேஸ்வரியிடம் நீட்டினாள்.

"ஐயோ, வேண்டாம் தங்கச்சி" என்றாள் சிவனேஸ்வரி, பழக்கதோஷத்தில்.

"சரி அக்கா." தட்டு அடுத்த கதிரைக்குப் போய்விட்டது.

சிவனேஸ்வரி அந்தத் தட்டு வட்டத்தைச் சுற்றிப் போவதைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தாள். கிறீம் கேக் என்றால் அவளுக்கு உயிர். தட்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மேசையில் போய் அமர்ந்தது. அதில் இன்னும் மூன்று துண்டு மிச்சமிருந்தது. ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை, ஒருவரும் கேட்கவில்லை.

"அம்மா, பள்ளிக்கூடத்தில பிள்ளையள் வேண்டாம் எண்டா நீங்கள் திரும்பக் கேப்பீங்களோ?" என்று தர்மிகா மெதுவாகக் கேட்டாள்.

"விசரே? பின்னால இருநூறு பேர் வரிசையில நிக்கேக்க."

சொல்லிவிட்டு அவள் தட்டில் மிச்சமிருந்த மூன்று துண்டையும் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமினாள். சீலைத் தலைப்பைச் சரிசெய்தாள். சிவனேஸ்வரி தன் ஐம்பத்தெட்டு வயதில் அடுத்தவர் வீட்டில் வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டது அன்றைக்குத்தான்.

"தங்கச்சி, எனக்கு அதில ஒரு துண்டு வேணும்."

வட்டம் இடிந்து விழவில்லை. பெனிற்றா, "ஓம் அக்கா" என்று எழும்பிப் போய் ஒரு துண்டைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். பக்கத்துக் கதிரைக்காரர் வீட்டு வாடகையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததைத் தொடர்ந்து சொன்னார். சிவனேஸ்வரி முதல் வாயை மென்றுகொண்டு, யாராவது தன்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்களா என்று வட்டம் முழுவதையும் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். அந்த முகத்தில், ஒளித்து வைத்திருந்த இனிப்புப் போத்தல் உயரத்தில் இல்லை, கைக்கெட்டும் அலுமாரித் தட்டில்தான் இருந்தது என்று கண்டுபிடித்த பிள்ளையின் திகைப்பு.

"உவ்வளவுதானோ?" என்றாள்.

நாலரைக்குத் துஷ்யா கதிரைகளை மடக்கத் தொடங்கினாள். ரயிலில் தாயும் மகளும் மிச்ச ரோல்ஸை அங்கேயே கொடுத்துவிட்ட வெறும் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு கோலியர்ஸ் வுட் பக்கம் திரும்பினார்கள். வீட்டு வாசலில் திறப்பைத் தேடும்போது சிவனேஸ்வரி சொன்னாள்.

"செவ்வாய்க்கிழமை போய்க் கேள். நான்தான் உனக்குப் பிழையாச் சொல்லித் தந்திட்டன்."

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு தர்மிகா யொரிஸின் கதவைத் தட்டினாள். கையில் ஒரு கொப்பி. ரயிலில் வரும்போது மனப்பாடம் செய்த மூன்று வசனங்களும் இறங்கிய இடத்திலேயே விட்டுப் போயிருந்தன.

"வென்லோ வேலை எனக்கு வேண்டும்" என்றாள்.

யொரிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் வேண்டாம் என்றீர்கள்."

"வேண்டாம் என்று சொன்னேன். வேண்டும் என்றுதான் நினைத்தேன். எங்கள் ஆட்கள் முதல் தடவை அப்படித்தான் சொல்வார்கள். நீங்கள் திரும்பக் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன்."

"எத்தனை தடவை கேட்க வேண்டும்?"

"மூன்று."

அவர் இதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். "அது அதிக நேரம் எடுக்கும்" என்றார். கேலியில்லை, கணக்குப் பார்த்துச் சொன்னது போலிருந்தது. "ஏற்கனவே வேறு இரண்டு பேர் இருக்கிறார்கள். இன்று நாலு மணிக்கு ஒரு பெயரை அனுப்ப வேண்டும். ஏன் உங்கள் பெயரை அனுப்ப வேண்டும்?"

பழைய தர்மிகா இந்த இடத்தில், நான் முயற்சி செய்வேன் என்று தரையைப் பார்த்துச் சொல்லியிருப்பாள். இவள் கொப்பியைத் திறந்தாள்.

"செவ்வாய்க்கிழமை அட்டவணை சரியில்லை."

"அது ஒன்றுதான் நான் போட்ட அட்டவணை."

"தெரியும். சரியில்லை." அவள் நிறுத்தவில்லை. "மூன்று லொறியும் ஒரே நேரத்தில் லண்டனுக்கு வந்து சேர்கின்றன. சாமான் இறக்க இருப்பது ஒரே மேடைதான். மூன்றாவது லொறி இரண்டு மணி நேரம் சும்மா நிற்கிறது. அதற்குள் சாரதியின் வேலை நேரம் முடிந்துவிடும், திரும்பிப் போகிற கப்பலை விட்டுவிடுவார். ஏழு மாதத்தில் பத்தொன்பது தடவை. திகதி எல்லாம் இதில் இருக்கிறது. மூன்றாவது லொறியை அடுத்த கப்பலில் ஏற்றினால் போதும்."

யொரிஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். முடிந்தது, போர்வை இரண்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் என்று தர்மிகா நினைத்தாள்.

அவர் மேசையைச் சுற்றி வந்து, கதிரையை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "காட்டுங்கள்."

ஒன்றரை மணி நேரம் காட்டினாள். அவர் இரண்டு இடத்தில் அவள் சொன்னது பிழை என்றார். ஒரு இடத்தில் அவர் சொன்னது சரி. மற்ற இடத்தில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அவர் கொப்பியை மூடினார்.

"ஏழு மாதமாகத் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?"

"மரியாதைக்கு."

"அந்த மரியாதை பத்தொன்பது கப்பலை விட்டிருக்கிறது" என்றார். "வேலை உங்களுக்கு. வேண்டுமா?"

"ஓம்" என்றாள் தர்மிகா. அவசரத்தில் தமிழில் வந்துவிட்டது. தலை ஆடிய வேகத்தில் அவருக்கு விளங்கிவிட்டது.

"வேறு ஏதாவது வேண்டுமா? இப்போதே சொல்லுங்கள்."

அவளுக்கு அந்தக் கேள்வி பிடித்துப் போனது. ஒரு வாசல் திறந்தால் உள்ளே எத்தனை அறை இருக்கிறது என்று பார்க்கத் தோன்றுமல்லவா?

"செப்டெம்பரில்தான் வருவேன். ஓகஸ்டில் மச்சாளின் கலியாணம்."

"சரி."

"கொம்பனி எடுத்துத் தருகிற வீட்டில் குசினி யன்னல் நன்றாகத் திறக்க வேண்டும். நான் மீன் பொரிப்பேன்."

"சரி." அதையும் எழுதினார்.

"வெள்ளிக்கிழமைகளில் லண்டனிலிருந்து வேலை செய்யலாமா?"

"இல்லை."

சும்மா இல்லை. வருந்துகிறேன், பார்க்கலாம், யோசிக்கிறேன் என்ற எதுவும் ஒட்டாத ஒற்றை இல்லை. தர்மிகா அது குத்துகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். எங்கேயும் குத்தவில்லை. அவள் சிரித்தாள். அவரும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

படியிறங்கி வெளியே வந்து, மழைத் தூறலில் நின்றபடியே அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். பின்னால் பாத்திரங்கள் உருள்கிற சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

"அம்மா, கிடைச்சிட்டுது."

மறுமுனையில் ஒரு கரண்டி நிலத்தில் விழுந்த சத்தம். பிறகு சிவனேஸ்வரியின் குரல், தொலைபேசிக்கல்ல, சமையலறை முழுவதற்கும், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மகளின் வேலையை அறிவிக்கிறது. யாரோ கைதட்டினார்கள். அதைப் பார்த்து, என்ன விஷயமென்றே தெரியாத இருநூறு பிள்ளைகளும் மேசையைத் தட்டத் தொடங்கினார்கள். அந்த இரைச்சலில் அம்மா என்ன சொன்னாள் என்று தர்மிகாவுக்குக் கேட்கவில்லை. குடையை விரிக்க மறந்து, தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, அது முடியும் வரைக்கும் கேட்டுக்கொண்டே நின்றாள்.